ஏத்தி விடுறவர்

“மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு! பெரியார் பெரியார்! ஏறு ஏறு. யோசிக்காத தாயி, யோசிச்சா முடிதான் நரைக்கும், ஏறு!”

அந்தத் தாய் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அவருடைய பை வண்டிக்குள் போய்விட்டது. பையைத் தேடி அவரும் போனார். கண்ணுச்சாமி வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். நடத்துநர் சோலையின் கழுத்தில் விசில் தொங்கத்தான் செய்கிறது. ஆனாலும் திருமங்கலம் பேருந்து நிலையத்தில் நிற்கும் தனியார் வண்டிகளின் ஓட்டுநர்கள் இந்தத் தட்டு விழுந்தால்தான் கியர் போடுவார்கள். வண்டிகளுக்கு ஆள் கூப்பிட்டு ஏற்றிவிடுவதுதான் கண்ணுச்சாமியின் பிழைப்பு.

ஆள் கூப்பிடுவதில் அவருக்கு நிதானம் கிடையாது. மைத்துனனை வழியனுப்ப வந்தவரை ஏற்றிவிட்டு மைத்துனனைக் கீழே நிறுத்தியிருக்கிறார். மதுரையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிச் சோம்பல் முறித்தவரை மதுரைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். வண்டி இல்லாத நேரத்திலும் மனிதர் சும்மா இருப்பதில்லை. “இந்த மொகத்துக்கு மீசை எதுக்குப்பா? எடுத்துப் பாரு, சும்மா ஜம்முனு இருப்ப” என்று சோலையை ஏற்றிவிட்டார். சோலை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அவன் வளர்த்த நாயே அவனை வாசலில் மறித்துக் குரைத்தது.

“ஏன்ணே இப்படி ஆளாளுக்கு உசுப்பி விடுறீக?” என்று டீக்கடை முனியாயி ஒருநாள் கேட்டபோது கண்ணுச்சாமிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

“உசுப்புறதா? தூங்குறவனைத்தான் உசுப்பணும். தூண்டுறதுன்னா அது வெளக்குத் திரிக்கு. நான் பண்றது ஏத்தி விடுறது. போகவா வேணாமான்னு ஒத்தக் காலத் தூக்கிட்டு நிக்கிறான் பாரு, அவனுக்குத்தான் அது. எல்லாத்தையும் ஒண்ணாக் கொழப்பாத.”

இத்தனை விளக்கம் தெரிந்தவர் அந்தச் சொல்லிலேயே மாட்டிக்கொண்டதுதான் வேடிக்கை.

வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் இவர் பாட்டுக்கு, “அடுப்படி சின்னதா இருக்குண்ணே, செவத்த இடிச்சுப் பெருசா எடுத்துருங்க” என்று சொல்லிவைத்தார். அவரும் உற்சாகத்தில் இடித்துப் போட்டார். இடித்ததோடு உற்சாகம் தீர்ந்துபோனது. தெருவே பார்க்க வெட்டவெளியில் சோறு வடித்த கண்ணுச்சாமியின் மனைவி நாகஜோதிக்குப் பொறுமை போய்விட்டது. பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கே வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

“நான் மதுரைக்கு, விளாங்குடில எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்.”

“வேணாம்” என்ற ஒரு வார்த்தைக்குத்தான் அவள் ஒரு காலைப் படியில் வைத்துக் காத்திருந்தாள். கண்ணுச்சாமி கண்டதோ ஒரு பையையும் படியில் தயங்கும் ஒரு காலையும்தான். “யோசிக்காத தாயி, ஏறு! ஜன்னலோரம் சீட்டு இருக்கு!” பை உள்ளே போனது. இரண்டு தட்டு. வண்டி வளைவில் திரும்பும்போதுதான், ஜன்னலில் பற்றி எரியும் முகத்தோடு உட்கார்ந்திருப்பது தன் பெண்டாட்டி என்பது மனிதருக்கு உறைத்தது.

அன்று மாலை நாகஜோதியின் அண்ணன் பாண்டிராஜ் போனில் கூப்பிட்டார். “மாப்ள, கோவத்துல போறவளத் தடுக்காம ஏத்தி விட்டீகளாமே. ஏத்தி விட்டீகளா இல்லையா?”

“ஏத்தித்தான் விட்டேன் மச்சான். ஆனா ஏத்தி விடலை.”

“என்ன பேச்சு இது?”

“வண்டியில ஏத்தி விட்டேன். வீட்ட விட்டுப் போன்னு ஏத்தி விடலை.”

இல்லை என்று சொன்னால் பேருந்து நிலையமே சாட்சி. ஆமாம் என்றால் குடும்பம் போச்சு. பின்னால் நாகஜோதியின் குரல் கேட்டது: “ஜன்னலோரம் சீட்டு வேற இருக்குன்னாருண்ணே! அதக் கேளு மொதல்ல!”

சுவரை மறுபடி கட்டியாகிவிட்டது. நாகஜோதி அசையவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து கூப்பிட்டால் வருவாளாம். இல்லையென்றால் விளாங்குடியிலேயே ஒரு தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவாளாம். போன் போட்டால் எடுப்பதில்லை.

கண்ணுச்சாமிக்கும் போகக் கூடாது என்றில்லை, பாவம். தினமும் ஏறுகிறார். ஏறி உட்கார்ந்ததும் கீழே எவராவது வண்டியைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக நிற்பார்கள். கண்ணுச்சாமிக்கு உடம்பெல்லாம் அரிக்கும். இறங்கி அவரை ஏற்றி, தன் சீட்டிலேயே உட்காரவைத்து, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். வண்டி போய்விடும். கையில் நாகஜோதிக்கு வாங்கிய மல்லிகைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருப்பார். அந்த வாரம் முழுக்க முனியாயியின் கடைச் சாமி படத்துக்குப் பூவுக்குப் பஞ்சமில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது. கண்ணுச்சாமி ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, “அடுத்த வண்டியில போகவா?” என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

முனியாயி டீ வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். மல்லிகைப் பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கி ஜன்னல் வழியாக உள்ளே போட்டாள். “யோசிக்காதீகண்ணே, யோசிச்சா முடிதான் நரைக்கும். ஏறுங்க.”

பூவைத் தேடிப் போனவரை ஜன்னலோரமாக உட்காரவைத்து, பக்கத்துச் சீட்டில் சோலை வழியை அடைத்து உட்கார்ந்துகொண்டான். முளைக்கத் தொடங்கியிருந்த மீசையைத் தடவியபடி விசிலை ஊதினான். வண்டி நகரவில்லை. இன்னொரு தரம் ஊதினான். ஓட்டுநர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டு தட்டுக்காகக் காத்திருந்தார்.

ஜன்னலுக்கு நேர் கீழே தோளில் பையோடு ஒருவர் வந்து நின்றார். வண்டியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார். கண்ணுச்சாமியின் வாய் தானாகத் திறந்தது. தொண்டைவரை வந்த “ஏறு” அங்கேயே நின்றது.

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். மடியில் இருந்த பூவை இடது கையால் அழுத்திப் பிடித்தார். வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.