திருகோணமலையில் தங்கை வீட்டு வாசலில் நின்ற தபால்காரர்

போன பங்குனியில் நான்கு நாள் லீவு கிடைத்ததும் திருகோணமலைக்குப் புறப்பட்டேன். தங்கை செல்வி அங்கே வாழ்க்கைப்பட்டு இரண்டு வருடம் ஆகிறது. கடல் பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னேன். அவள் எப்படி வாழ்கிறாள் என்று பார்க்காமல் எனக்கு மனசு ஆறவில்லை, அதுதான் உண்மை.

எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, அக்கரப்பத்தனைப் பக்கம். காலை 5.10 பஸ்ஸில் ஹட்டன், பிறகு கண்டி. கண்டியிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம், சாதாரண பஸ்ஸில் 720 ரூபாய். ஸ்வெட்டரைக் கண்டியிலேயே கழற்றிவிடுங்கள், ஹபரணைக்குப் பிறகு வெயில் கொளுத்தும்.

மாலை மூன்றரைக்கு இறங்கினேன். ஆட்டோக்காரர் கேட்டார்: "வீட்டு நம்பரச் சொல்லுங்கோ அக்கா." எங்கள் லயத்தில் யார் வீட்டுக்கும் நம்பர் கிடையாது, செல்விக்கு அதுவும் இருக்கிறதாம்! போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். நேராகக் கொண்டுபோய்விட்டார், 300 ரூபாய்.

மறுநாள் காலை கோட்டைக்குப் போனோம். வாசலில் இராணுவக் காவல், உள்ளே மான் கூட்டம், பழைய பீரங்கிகள். இந்த ஊருக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வெள்ளைக்காரரும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். உலகப் போரில் ஜப்பான்காரன் குண்டும் போட்டான். நான் வாயைப் பிளந்து நிற்க, செல்வி கொட்டாவி விட்டாள். "மீன் வாங்க தெனமும் இந்தப் பக்கந்தாங்க்கா வர்றேன்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லயத்தில் ஒரே காம்பராவில், ஒற்றை அறையில், பிறந்த இருவரில் இவளுக்கு மட்டும் கடலும் கோட்டையுமா?

மத்தியானம் வாசலில் மணி அடித்தது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளில் நின்றார். "எந்த வீட்டைத் தேடுறீங்க?" என்றேன். "இந்த வீட்டைத்தான்" என்று சிரித்தபடி கடிதத்தை நீட்டினார். முப்பத்து நான்கு வயதில், தபால்காரர் ஒரு வீட்டு வாசலுக்கு வருவதை அன்றுதான் பார்த்தேன்.

எங்களுக்கு வரும் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். யாருக்காவது நினைவு வந்தால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் அம்மா கைக்கு வரும். போன வருடம் அரசாங்க வேலைக்கான இன்டர்வியூ கடிதம் அப்படித்தான் வந்தது, இன்டர்வியூ முடிந்த மறுநாள். அதே வேலைக்கு இப்போது மறுபடி விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும்.

படிவத்தைக் கொண்டுபோயிருந்தேன். செல்வி பார்த்துவிட்டாள்.

"எங்க அட்ரஸப் போடுக்கா. வாசலுக்கே வந்துரும்ல."

"ஏன், எனக்கு வீடு இல்லியா?"

"வீடு இருக்கு. லெட்டர் வருமா?"

கேட்டது நியாயம்தான். அதனாலேயே கோபத்தில் படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு அவள் வீட்டு நம்பரை, தெருவை, ஊரை ஒவ்வொரு எழுத்தாக என் பெயருக்குக் கீழே எழுதினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இப்படியொரு விலாசம் எனக்குச் சொந்தமாக இருந்தால் என்ன என்று வயிறு எரிந்தது.

போகிறவர்களுக்கு: கோட்டைக்குக் காலை ஏழு மணிக்குள் போங்கள். உள்ளேயிருக்கும் கோயிலுக்குக் கால் மூடிய உடை வேண்டும். மான்களுக்கு பிஸ்கட் கொடுக்காதீர்கள். திரும்பும்போது ஞாயிறு மாலை பஸ்ஸைத் தவிருங்கள், நான் தம்புள்ளை வரை நின்றுகொண்டே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து செல்வி போன் பண்ணினாள். "அக்கா, லெட்டர் வந்துருச்சு! இருவத்தி மூணாந் தேதி இன்டர்வியூ. அவசரத்துல நானே பிரிச்சுட்டேன், கோவிச்சுக்காத!"

இன்னும் பதினொரு நாள் இருந்தது. சந்தோஷத்தில் கத்தினேன், அம்மாவைக் கட்டிப் பிடித்தேன். ஆனாலும் சொல்கிறேன்: என் பெயர் எழுதி நேரத்துக்கு வந்த முதல் கடிதம் அது, அதைப் பிரித்துப் படிக்கவும் அவளுக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது.