சந்தனம் வைத்த பாயிண்ட்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. வேலை காரைக்காலில், வீடு போலகத்தில். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் எத்தனை பயம் வேண்டுமானாலும் எனக்கு வரும். இப்படிப்பட்டவன் குட்டி ரயில் ஓட்ட ஆசைப்பட்டிருக்கவே கூடாது.

ஆசையைக் கிளப்பிவிட்டவள் என் அக்கா. அத்தான் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. கல்யாணமானதும் அவளை பிரான்சுக்கு அழைத்துப் போய்விட்டார். சின்ன வயதில் நான் தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் விட்டதை அவள் மறக்கவில்லை. அங்கே ஒரு கடையில் உள்ளங்கை அளவு எஞ்சின் ஒன்றை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். கறுப்பு எஞ்சின், சிவப்புச் சக்கரங்கள். அது வந்து சேர்ந்த அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. எனக்கு விசா கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த எஞ்சினுக்காகத்தான் மாடி அறையில் பலகை அடித்துத் தண்டவாளம் போட்டேன். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தைப் பாயிண்ட் என்பார்கள். அங்கே நாக்கு மாதிரி இரண்டு மெல்லிய கம்பிகள் இடமும் வலமும் நகரும். அவை ஒட்டும் பக்கத்தைப் பொறுத்து எஞ்சின் வழி பிடிக்கும். விரலாலேயே தள்ளலாம்தான். எனக்குக் கை நடுங்கும் என்பதால் ஒவ்வொரு பாயிண்டுக்கும் அடியில் ஒரு சர்வோ மோட்டார் பொருத்தினேன். தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும். பொத்தானை அழுத்தினால் அதன் சின்னக் கை சொன்ன அளவுக்குத் திரும்பி, ஒரு கம்பியால் நாக்கை மெதுவாகத் தள்ளும். தள்ளி முடித்ததும் சத்தமில்லாமல் நிற்கும். எதிலாவது முட்டிக்கொண்டால் மட்டும் ‘ஞொய்’ என்று முனகிக்கொண்டே இருக்கும்.

அதிலும் எனக்கு ஒரு பயம் இருந்தது. கரண்ட் போய் வந்தால் சர்வோ தூக்கத்தில் திடுக்கிட்டதுபோல ஓர் உதறு உதறும். நாக்கு இடம் மாறிவிடும். மூன்றாவது பாயிண்டில் அப்படி நடந்தால் எஞ்சின் பாலத்துக்குப் போகும் வழியில் திரும்பிவிடும். பாலம் இன்னும் கட்டவில்லை. பலகை அங்கே முடிகிறது, கீழே சிமெண்டுத் தரை. அதனால் அந்த விளிம்பில் ஒரு தடித்த அகராதியைக் குறுக்கே வைத்திருந்தேன். அப்படியும் எஞ்சின் அந்த இடத்தைத் தாண்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்பேன். “ஏங்க, நீங்க ரயில ஓட்டுறீங்களா, ரயில் உங்கள ஓட்டுதா?” என்று என் மனைவி சிரிப்பாள்.

போன ஆயுத பூஜைக்கு அத்தான் ஊரில் இருந்தார். மறுநாள் காலை கிளம்ப வேண்டும். “அவ வாங்குனது ஓடுறத ஒருதடவ பாத்துட்டுப் போறேன் மாப்ள” என்றார். அவர் கண் முன்னால் அது விழுந்து உடைந்தால் அக்காவின் கடைசிப் பொருளும் போய்விடும். அந்தப் பயத்தில், சைக்கிளுக்கும் மிக்சிக்கும் வைத்ததோடு நிற்காமல், எல்லாப் பாயிண்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். மூன்றாவதுக்குக் கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன். வீட்டிலேயே பெரிய புத்தகம் என்பதால் அகராதி சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

விஜயதசமி காலையில் பூஜை முடிந்து மாடிக்குப் போனோம். வாசலில் கார் வந்து நின்றிருந்தது. அத்தான் ஒரு நாற்காலியைப் பலகையின் ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மூன்றாவது பாயிண்டின் பொத்தானை அழுத்தினேன். நாக்கு நகர்ந்தது. ஆனால் ‘ஞொய்’ சத்தம் நிற்கவில்லை. நிறுத்து என்று மனம் அடித்துக்கொண்டது. உனக்கு எப்போதும் இதே பிழைப்பு, அவர் முன்னாலும் மானத்தை வாங்கிக்கொள்ளாதே என்று என்னை நானே அதட்டினேன். என் பயம் நியாயமாக இருந்த ஒரே நாளில் அதை நான் நம்பவில்லை.

எஞ்சின் கிளம்பியது. மூன்றாவது பாயிண்டில் சந்தனம் காய்ந்து கட்டியாகி, நாக்கு தண்டவாளத்தோடு ஒட்டாமல் ஓர் அரிசி அளவு இடைவெளி இருந்தது. சக்கரம் அந்த இடைவெளிக்குள் நுழைந்து பாலத்துப் பக்கம் திரும்பியது. அகராதியைத் தேடினேன். அது கீழே பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பதற்றத்தில் எஞ்சினை நிறுத்தும் பொத்தானுக்குப் பதிலாக வேறு எதையோ அழுத்தினேன். எஞ்சின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தரையில் மோதிய சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் எஞ்சின் அத்தானின் வேட்டி மடியில் கிடந்தது.

“மறுபடி வை மாப்ள” என்றார்.

“வேணாம் அத்தான். எனக்குப் பயமா இருக்கு. அக்கா கொடுத்ததுல இது ஒண்ணுதான் இருக்கு.”

அவர் சக்கரத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை வேட்டி நுனியால் துடைத்தார். “எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனச்சியா? நாளைக்கு அங்க போயி பூட்டிக் கெடக்குற வீட்ட நான்தான் தொறக்கணும். ‘வந்துட்டீங்களா’ன்னு கேக்க ஆளு இல்ல. அத நெனச்சே ரெண்டு தடவ டிக்கெட்ட மாத்திட்டேன்.”

நான் ஊசி எடுத்துவந்து நாக்கில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். சர்வோ முனகலை நிறுத்தியது. அகராதியை எடுத்துவரக் கிளம்பினேன். “அது இருக்கட்டும், நான் புடிச்சிக்கிறேன்” என்று மடியை விரித்துக்கொண்டு அவர் அதே விளிம்பில் உட்கார்ந்தார்.

எஞ்சின் மூன்று சுற்று ஓடியது. மூன்று முறையும் சரியான வழியில்தான் போனது. ஆனாலும் அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் கை தானாக முன்னால் நீண்டது. நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவேயில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. எழுந்து மாடிப்படி வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“பயம் போச்சா மாப்ள?”

“இல்ல அத்தான்.”

“எனக்கும் போவல” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.