'முடிந்தது' என்று ஒரு கட்டம்

தொண்ணூறுகளின் பின்பாதியில், திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு திருமணத் தகவல் மையத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். விழுப்புரத்தில் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்த என்னை விஞ்ஞானி என்று நம்பிய ஒரே மனிதர் அந்த மையத்தின் முதலாளிதான். அந்த நம்பிக்கையைக் கெடுக்க நானும் எதுவும் செய்யவில்லை.

எங்கள் சொத்து ஒரு பழைய கம்ப்யூட்டரும், கோர்ஸ் நடத்திய சார் ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்த, எழுத்தடிக்கும் இலவச எடிட்டர் மென்பொருளும். வரன்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. ஆளுக்கு ஒரு வரி. பெயர், நட்சத்திரம், படிப்பு என்று ஒவ்வொரு விவரத்துக்கும் நடுவில் ஒரு நெட்டுக்கோடு. அதை அப்படியே திறந்து காட்டினால் முதலாளி முகம் சுளிப்பார்.

"இன்னாம்மா இது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. படிவம் மாதிரி பண்ணும்மா."

அதற்கு அந்த எடிட்டரில் வழி இருந்தது. எந்தக் கோப்பு, ஒரு வரியில் எத்தனை விவரம், எது திரையில் எங்கே வர வேண்டும் என்று தனியாக ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்தால் போதும். ஒவ்வொரு வரியும் தனித்தனிப் படிவமாக வந்து நிற்கும். ஒரு விசையைத் தட்டினால் அடுத்த வரன். அதை எழுத எனக்கு ஒரு மதியம் ஆனது. திருத்த நான்கு வருடம் ஆனது.

பெயருக்கு மேலே நட்சத்திரம் வேண்டும் என்றார். வந்தது. அதற்கும் மேலே பிள்ளையார் சுழி வேண்டும் என்றார். எங்கள் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாததால் ஆங்கில யூவை நட்டு வைத்தேன், பக்தியோடு கும்பிட்டார். நிறம் என்ற இடத்தில் எல்லாப் பெற்றோரும் சிவப்பு என்றே எழுதியதால், "இதை நிரந்தரமாவே போட்டுடலாம் சார்" என்று கிண்டலுக்குச் சொன்னேன். நல்ல யோசனை என்று பாராட்டினார். அன்றிலிருந்து எங்கள் சுற்றுவட்டாரத்தில் கறுப்பாக யாருமே இல்லை.

நான் சேர்ந்து மூன்று மாதம் ஆனபோது புதிதாக ஒரு குறையோடு வந்தார். "கல்யாணம் முடிஞ்சதுங்கல்லாம் வந்துக்கினே இருக்குது. பேஜாரா இருக்குதும்மா. கண்ணுல படாத மாதிரி பண்ணு."

படிவத்தின் அடியில் 'முடிந்தது' என்று ஆங்கில எழுத்தில் ஒரு கட்டம் வைத்தேன். அதில் ஒய் என்று அடித்தால் அந்த வரன் அதற்குப் பிறகு படிவத்தில் வராது. கோப்பில் மட்டும் கிடக்கும். அந்த ஒரு எழுத்தை ஒற்றை விரலால் அடிக்கக் கற்றுக்கொண்டதோடு முதலாளியின் கம்ப்யூட்டர் படிப்பு இனிதே நிறைவடைந்தது.

அந்தக் கோப்பில் நானும் ஒரு வரி. நான் வேலைக்குச் சேர்ந்த கையோடு அப்பா பதிந்துவிட்டார். ஊழியர் என்பதால் இலவசம். மாதம் ஒருமுறை ஒலக்கூர் பக்கமிருந்து அவரும் என்னோடு பஸ் ஏறி வருவார். முதலாளிக்கு ஒரு பை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கொடுத்துவிட்டு, "எதுனா வந்துச்சாங்க?" என்பார்.

"காட்டிக்கினுதான் இருக்கேன். பாத்துட்டுப் போறாங்க, அப்புறம் பதிலே இல்ல."

அப்பா தலையாட்டுவார். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்வார். வீட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. என் படிவத்தைத் திறந்து பார்க்கவும் கூச்சம். என்னை நானே பெண் பார்ப்பது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் வருடம் ஊரில் வீட்டுக்கு வீடு போன் வந்தது. படிவத்திலும் போன் நம்பர் வேண்டும் என்றார் முதலாளி. புது விவரம் சேர்க்க, கோப்பை அப்படியே திறந்து ஒவ்வொரு வரியிலும் ஒரு கோடு கூட்ட வேண்டும். இறங்கிக்கொண்டே வந்தேன். என் வரி வந்தது. அதன் கடைசியில் ஒய்.

"சார், எனக்குக் கல்யாணம் முடிஞ்சிடுச்சாம். மாப்பிள்ளை யாருன்னு சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்."

அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "அந்தக் கட்டம் வெச்ச அன்னைக்கே அடிச்சதும்மா அது. கோச்சிக்காத. நீ போயிட்டா இந்தப் பொட்டிய யாரு பாக்கறது, நீயே சொல்லு."

நானே சொல்ல வேண்டுமாம். மறைக்கும் வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்து கொடுத்தவளும் நானேதான். அந்த ஒய்யை அழித்தேன். மையத்தின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பட்டப்பகலில் வீட்டுக்குப் போனேன்.

அப்பா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பும் கட்டமும் அவருக்குப் புரிய நேரமானது.

"அப்போ உன்ன யாரும் வேணாம்னு சொல்லலியா?"

"யாரும் பாக்கவே இல்லப்பா."

முதலாளியைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"உன்கிட்டதான் கொற இருக்குதுன்னு நானே நெனச்சிட்டேம்மா," என்று அழுதார்.