மூக்கண்ணனின் மோப்பம்

எங்கள் மாவு மில்லில் தரம் பார்ப்பவரை எல்லோரும் மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். லாரி வந்ததும் மூட்டையில் குத்தூசியைச் செருகுவார். உள்ளங்கையில் விழும் கோதுமையைப் பொத்தி, வாயால் சூடாக ஊதி, முகர்ந்து பார்ப்பார். பூஞ்சை வாடை வந்தால் லாரி வந்த வழியே போக வேண்டியதுதான். ஈரம் பார்க்கும் மெஷின் என் பொறுப்பு. நனைந்து காய்ந்த கோதுமையிடம் மெஷின் ஏமாந்துவிடும், மூக்கண்ணன் ஏமாற மாட்டார் என்பார் முதலாளி.

போன வருஷம் வந்த காய்ச்சல் அந்த மூக்கை மட்டும் பறித்துக்கொண்டு போய்விட்டது. என்னிடம்தான் சொன்னார்.

"எனக்குக் காபியும் பினாயிலும் ஒண்ணுதாம்மா இப்ப. பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்."

திருட்டுத்தனத்துக்கு என்னையும் கூட்டுச் சேர்க்கிறாரே என்று கோபம்தான் வந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். அவர் ஊதிய கோதுமையை மெஷினில் போடும் சாக்கில் நானும் முகர்வேன். கெட்டதென்றால், "இன்னொரு தடவ பாத்துடுங்கண்ணே" என்பேன். நல்லதென்றால் பேசவே மாட்டேன். பிறகு அவர் முகத்தைச் சுளிப்பதென்ன, தலையை ஆட்டுவதென்ன! நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

இந்தத் திங்கட்கிழமை எனக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. லீவு போட்டால் மனுஷன் தனியாக மாட்டிக்கொள்வாரே என்று வேலைக்கு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். லாரி வந்தது. மெஷின் ஈரம் சரி என்றது. முகர்ந்தேன், ஒரு வாடையும் தெரியவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டேன். அவரும், "இறக்குங்கப்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்குச் சளி விட்டிருந்தது. முதலாளி ஒரு மாவு மூட்டையோடு எங்கள் அறைக்கு வந்து அதன் வாயைப் பிரித்தார். ஈரத்துணியை வாரக்கணக்கில் சுருட்டி வைத்த நாற்றம் குப்பென்று அடித்தது. திங்கட்கிழமை இறக்கிய கோதுமைதான் மாவாகி, பேக்கரிக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"நீ ஒண்ணும் பேசாதம்மா," என்றார் முதலாளி என்னிடம். "அண்ணே, நீங்க சொல்லுங்க. இது எப்படி இருக்கு?"

மூக்கண்ணன் ஒரு பிடி அள்ளி, ஊதி, நிதானமாக முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை.

"நல்ல வாசனைங்க முதலாளி," என்றார் சிரித்துக்கொண்டே. "புது மாவு."