வீடு திரும்பும் தேதி

பரமநாதன் துறைமுக அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிராணியாக, எழுத்து வேலையில் இருந்தவர். அத்தனை வருடத்தில் நிரப்பக் கொடுத்த ஒரு பாரத்தில்கூட ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. எழுத ஒன்றும் இல்லையென்றால் சின்னக் கோடாவது இழுத்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தாலும் கையெழுத்துப் போட இடம் தேடுகிற மனுஷர் என்று அவர் மனைவி கமலாம்பிகை கேலி செய்வார்.

அப்படிப்பட்டவரை 1988 நவம்பரில் இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் ஒன்று திக்குமுக்காட வைத்தது. மனைவியைச் சேர்த்திருந்த நர்சிங் ஹோம், ஆஸ்பத்திரி ஆகாது; ஆகையால் பணம் தர இயலாது என்று எழுதியிருந்தார்கள். மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அதையேதான் சொன்னது.

பர்மா ரோட்டில் இருந்த அந்தப் பெரிய பங்களா வீட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். 1957இல் மகள் ஞானாம்பிகை பிறந்தது அங்கேதான். அப்போதும் வாசலில் இதே நர்சிங் ஹோம் போர்டுதான். பாரத்தில் அப்படியே எழுதினார், ஆபீஸ் ஒரு கேள்வி கேட்காமல் செலவைக் கொடுத்தது. பதினோராம் நாள் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள்.

இந்த முறை வந்த காரணம் வேறு. மனைவியின் வயிற்றில் இருந்த புற்று ஈரல்வரை பரவிவிட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று ஆஸ்பத்திரி டாக்டர் கைவிரித்துவிட்டார். கமலாம்பிகைக்கு அது தெரியாது. ‘நர்சிங் ஹோமுக்குப் போவம்’ என்று கணவர் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. நர்சிங் ஹோம் என்றால் அவருக்குப் பத்துப் பதினைந்து நாளில் வீட்டுக்குத் திரும்பும் இடம். பரமநாதன் அந்த நினைப்பைத் திருத்தவில்லை. திருத்தத் தைரியம் வரவில்லை.

பென்ஷன் பணம் மாதக் கடைசிவரைதான் தாங்கும். அதற்குமேல் இன்சூரன்ஸ் கொடுக்காவிட்டால் அவரை எங்கே வைத்துப் பார்ப்பது? மகள் மெல்பர்னில். இவருக்கோ அரிசி வேகவைக்கவே கைவராது.

அக்கரையில் இருந்த பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் முனுசாமி.

“அண்ணே, நர்சிங் ஹோம்ல ரெண்டு வகை இருக்குலா. குணமாகிப் போறவங்களுக்கு ஒண்ணு, ஆகாதவங்களுக்கு ஒண்ணு. நம்ம பாலிசி மொத வகைக்குத்தான் பணம் தரும்.”

“ரெண்டும் ஒரே வீடுதானே தம்பி?”

“வீடு ஒண்ணுதான். ஆளுதான் வேற.”

முனுசாமி புதுப் பாரம் ஒன்றை நீட்டி ஒரு கட்டத்தில் விரலை வைத்தான். நோயாளி வீடு திரும்பும் தேதி.

“இங்க ஒரு தேதி போட்டு, மேட்ரன்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. தேதி இருந்தா அது குணமாகிற கேஸ்.”

மாலையில் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்து பாரத்தை நிரப்பினார். பெயர், வயது, விலாசம் எல்லாம் மளமளவென்று முடிந்தன. தேதிக் கட்டத்தில் பேனா நின்றது. எந்தத் தேதியைப் போட்டாலும் பொய். காலியாக விட்டால் அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலால் 14 என்று எழுதிப் பார்த்தார்.

“என்னப்பா எழுதுறியள்?” கமலாம்பிகை எட்டிப் பார்த்தார். “வீட்டுக்குப் போற தேதியோ? பதினாலு திங்கட்கிழமையெல்லே. காலமை ராகுகாலம். ஒன்பது மணிக்குப் பிறகு போவம்.”

ஒரு மாதத்தில் அவர் இவ்வளவு பேசியது அன்றுதான். தன் பச்சைச் சேலையைக் கொண்டுவரவும் சொன்னார். பரமநாதனின் கையில் அழிப்பான் இருந்தது. அழிக்க மனம் வரவில்லை.

மேட்ரன் குணவதி பாரத்தைப் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நெசமாவே கூட்டிப் போறதா இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன், அங்கிள். சும்மா தேதிக்கெல்லாம் போடமாட்டேன்.”

“வலி வந்தா நான் என்ன செய்வன் பிள்ளை?”

“டியூட்டி முடிஞ்சு தினமும் நான் வந்து ஊசி போடறேன். நீங்க பக்கத்துல இருங்க, போதும்.”

திங்கட்கிழமை ஒன்பது மணி கழிந்து, பச்சைச் சேலையோடு கமலாம்பிகை கிரீன் லேன் வீட்டுக்குத் திரும்பினார். படுத்தபடியே அடுப்படியிலிருந்து வந்த தீய்ந்த வாடையை வைத்து, சோறு எத்தனை நிமிடம் முந்தி அடிப்பிடித்தது என்று சொன்னார். குணவதி ஒரு நாளும் தவறாமல் வந்தார். ஐந்தாம் நாள் பகலில், கணவர் கால் பிடித்துக்கொண்டிருந்தபோது கமலாம்பிகையின் மூச்சு நின்றது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த வாரம் கம்பெனிக் கடிதம் வந்தது. நோயாளி குறித்த தேதியில் வீடு திரும்பியதால் கோரிக்கை ஏற்கப்பட்டது என்றும், பூரண குணமடைந்தது குறித்து மகிழ்ச்சி என்றும் எழுதியிருந்தார்கள். கூடவே இன்னொரு பாரம். அதில் நோயாளியின் தற்போதைய நிலை என்று ஒரு கட்டம்.

பரமநாதனுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. பணத்தை வாங்கலாமா கூடாதா, இது எந்த வகைக் கேஸ், ஒன்றும் விளங்கவில்லை. வெகுநேரம் கழித்து, பென்சில் தேடாமல் பேனாவை எடுத்தார். ‘வீடு திரும்பிவிட்டார்’ என்று எழுதினார். மரணச் சான்றிதழின் நகலை அதோடு சேர்த்துக் குத்தி, தபாலில் போட்டுவிட்டு வந்தார்.