இரும்பு அண்ணனுக்கு, கட்டை தங்கைக்கு

“என் வாயிலேருந்து ‘தப்பு பண்ணிட்டேன்’னு ஒரு வார்த்தை வந்ததா யாராவது சொல்லட்டும், அன்னிக்கே மீசையை எடுத்துடறேன்!” என்று டீக்கடையில் அறிவித்தவர் எங்கள் கரெக்‌ஷன்.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் உத்தியோகம். பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். ஆயுசு முழுக்க ஊரார் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து, பிழை என்பது பிறருக்கு மட்டும் வருகிற வியாதி என்ற முடிவுக்கு வந்திருந்தார். மனைவி மறுத்ததில்லை. மறுத்துப் பயனில்லை என்பதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுகொண்டவர் அவர்.

அந்த அம்மாவின் பிறந்த வீட்டில் ஒரு ரைஃபிள் இருந்தது. தகப்பனார் போனதும் வீடு, நிலமெல்லாம் சுமுகமாகப் பிரிந்தன, ரைஃபிளில்தான் முட்டிக்கொண்டது. லைசென்ஸ் அண்ணன் பெயரில் இருந்ததால் குழலும் விசையுமான இரும்பு அவரிடம் போயிற்று. “அப்பா கன்னம் வச்ச கட்டை எனக்கு” என்று மரப்பாகத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் தங்கை. ஒரு குண்டுகூடச் சுடாமல் ஒரு குடும்பத்தை இவ்வளவு சுத்தமாகப் பிளந்த துப்பாக்கி உலகில் வேறு இருக்காது. ஒன்பது வருடம் பேச்சே இல்லை.

போன மாதம் அண்ணன் நெஞ்சுவலி வந்து பிழைத்தார். தங்கை போன் செய்தார். “ஞாயித்துக்கிழமை வர்றேன்” என்றார் அண்ணன். கட்டையைக் கொடுத்துவிடுவதென்று தங்கை பரணிலிருந்து இறக்கினார். ஒரே பிசுக்கு, கீறல்.

“புதுசாக்கிடறேன் பாரு,” என்றார் கரெக்‌ஷன்.

“மேலாக்க துடைச்சா போதுங்க. உள்ளே கை வைக்காதீங்க.”

“நீ போய் உன் வேலையைப் பாரு.”

பால்கனியில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தார். மேற்புறம் உண்மையிலேயே அழகாக வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். இரும்பு உட்காரும் பள்ளத்தில் ஒரு கறுப்புக் கறை தெரிந்தது. கறையைக் கண்டு சும்மா இருக்கிற கையா அது? தேய்த்தார். போகவில்லை. இன்னும் தேய்த்தார். கறை போயிற்று, கூடவே எவ்வளவு மரம் போயிற்று என்று சொல்ல இரும்பு பக்கத்தில் இல்லை. ஆளிவிதை எண்ணெய் பூசி, பெருமையோடு காயவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நீளப் பையோடு வந்தார். பாதியாக மெலிந்திருந்தார். தங்கை அழுதார், அண்ணன் அழுதார், பிறகு “கிழவி ஆயிட்டியே!” “நீங்க மட்டும் மாப்பிள்ளையாக்கும்!” என்று சிரிப்பு. கட்டையைப் பார்த்ததும் அண்ணன் கண் விரிந்தது. இரும்பை எடுத்துப் பதித்தார். திருகாணியை முடிந்தமட்டும் முறுக்கினார். தூக்கியதும் அது பல்செட் மாதிரி லொடலொடவென்று ஆடியது.

மறுபடி கழற்றிப் பள்ளத்தை விரலால் தடவினார். முகம் இறுகிவிட்டது.

“சுரண்டி வச்சிருக்கே. எனக்கு உதவவே கூடாதுன்னு சுரண்டிட்டு, இப்போ சிரிச்சிக்கிட்டே கையில குடுக்கறியா?”

தங்கை கணவரை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். காட்டிக்கொடுக்கும் பார்வைகூட இல்லை அது.

கரெக்‌ஷன் மனசுக்குள் மழைக்கால ஈரத்தைக் குற்றவாளியாக நிறுத்திப் பார்த்தார். எண்ணெய் விற்ற கடைக்காரனை நிறுத்திப் பார்த்தார். இரண்டும் நிற்கவில்லை. தேய்ந்த மரத்தைத் திரும்ப வளர்க்கிற உப்புத்தாள் எந்தக் கடையிலும் இல்லை. அண்ணன் இரும்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். செருப்பைத் தேடினார்.

கரெக்‌ஷன் தரையைப் பார்த்து ஏதோ முனகினார்.

“என்ன மாப்ள? கேக்கலை.”

“நான்தான் தேய்ச்சேன் மச்சான். அவ வேண்டாம்னுதான் சொன்னா.” கை தானாக மீசைக்குப் போயிற்று. “தப்பு பண்ணிட்டேன்.”