சுல்மா பிடுங்கிய வரி

சுல்மா அர்ரில்யாகாவுக்கு ஒரு குணம். தப்பு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. மொந்தேவிதேயோவில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் சின்னக் கம்பெனியில் வேலை, அது வயிற்றுக்கு. வீம்புக்கு இன்னொன்று வைத்திருந்தாள். கணினிக்குள் படம் வரைகிற அட்டையின் நினைவகத்தில் எதற்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுக்கும் ஒரு நிரல்தொகுப்பு உண்டு. ஊரில் நாலைந்து பேர் கூலியில்லாமல் கட்டிக் காப்பது. அதன் கையேட்டைத் திருத்துவதுதான் அந்த வீம்பு. செத்துப்போன இணைப்பு, பழைய பெயரிலேயே கிடக்கும் கட்டளை, எல்லாம் பொடிப்பொடி வேலை.

சாவி பிராவுலியோ தெச்சேராவிடம். அவன் ‘சரி’ போட்டால்தான் எதுவும் உள்ளே போகும். அவனுக்கு இவளைக் கண்டாலே ஆகாது. பெயர் சேர்க்கத்தான் பொடித் திருத்தமாக அனுப்புகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த நாலைந்து பேரும் வாராவாரம் கூடுவார்கள்; போன சனிக்கிழமைக் கூட்டத்தில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்: “இன்னும் ஒரு தப்பு உன் பேர்ல வரட்டும், கதவைச் சாத்திடுறேன்.”

இந்தச் சனிக்கிழமை அவள் கொண்டுபோனது பொடி இல்லை. அந்தத் தொழிலில் கையேட்டை யார் படிக்கிறார்கள்? அதிலிருக்கும் மாதிரி நிரலை அப்படியே வழித்துத் தங்கள் நிரலில் ஒட்டிக்கொள்வார்கள். அந்த மாதிரியில், நினைவகத்தில் எழுதியதும் ‘புதிதாக எழுதியிருக்கிறேன், பார்’ என்று அட்டைக்குச் சொல்லும் வரியைக் காணோம். பெரும்பாலான அட்டைகள் தாமாகவே பார்த்துக்கொள்ளும். சில பார்க்காது. அவற்றில் படம் கிழிந்த துணியாகத் தொங்கும். நாலு பக்கமிருந்தும் புகார்.

வரியை எடுத்தது யாரென்று தேடிப் பார்த்தாள். அவளேதான். இரண்டு வருஷத்துக்கு முன்னே, தன் மெஷினில் அது இல்லாமலே ஓடுகிறதே என்று, வேண்டாத வரி என நினைத்துப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொன்னால் கதவு போச்சு. சொல்லாவிட்டால் ஒட்டுகிறவர்கள் ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். பஸ் ஏறினாள்.

அகுவாதாப் பேட்டையில், ரொட்டிக்கடைக்கு மேல் மாடியில் கூட்டம். ஒரே குடுவையில் எல்லோரும் மாறி மாறி உறிஞ்சும் கசப்புத் தேநீர் மாத்தே; அன்று அதை ஊற்றுகிற முறை பிராவுலியோவுடையது. குடுவை வரிசையாக வந்து, சுல்மாவைத் தாண்டி, பக்கத்தில் இருந்த ஃபெர்மினிடம் போனது. அந்த அறையில் அது கன்னத்தில் அறைந்த மாதிரி. ஃபெர்மின் குடுவையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

“குடிப்பா, ஆறிடும்,” என்றான் பிராவுலியோ. “அம்மணி பொடி பொறுக்க வந்திருக்காங்க, அவங்களுக்குத் தாகமெடுக்காது.”

“மாதிரியில ஒரு வரி இல்ல. அதனாலதான் படம் கிழியுது,” என்றாள் சுல்மா.

“என் மெஷின்ல கிழியலையே.”

“உன் மெஷின் மட்டும்தான் உலகமா? ஃபெர்மினோட பழசுல ஓட்டிப் பாரு.”

ஓட்டினார்கள். சுவரில் விழுந்த படம் கந்தலாய்த் தொங்கியது. யாரோ சிரித்தார்கள். பிராவுலியோவுக்குக் காது சிவந்தது.

“எந்தக் கழுதை அந்த வரியை எடுத்தது?”

“நான்தான்.”

 பிராவுலியோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். “கேட்டீங்களாடா! திருத்துறேன் திருத்துறேன்னு இவளே ஓட்டை போட்டிருக்கா!”

“ஆமா, போட்டேன். ஃபெர்மின், அந்த மாத்தத்துக்குக் கீழ ‘நல்லா இருக்கு’ன்னு எழுதி உள்ள விட்டது யாருன்னும் படி.”

ஃபெர்மின் திரையைப் பார்த்தான், பிராவுலியோவைப் பார்த்தான், மாத்தேயை உறிஞ்சினான். படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை.

பிராவுலியோ கணினியைத் தன் பக்கம் இழுத்து, தானே அந்த வரியைத் தட்டினான்.

“அங்க இல்ல. வரையச் சொல்றதுக்கு முன்னாடி.”

“தெரியும்!” வரியை மேலே ஏற்றினான். உள்ளே போட்டான். அதே மூச்சில் அவள் பெயரைத் தொகுப்பிலிருந்து நீக்கினான். “சொன்னேன்ல? இனி நீ எதுவும் அனுப்ப முடியாது. போதுமா?”

அவள் ஃபெர்மினின் பழைய மெஷினில் புது மாதிரியை ஓட்டினாள். படம் முழுசாக நின்றது. நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

என்ன தோன்றியதோ, பிராவுலியோ குடுவையை நிரப்பி அவளிடம் நீட்டினான். கசப்பை அடிவரை உறிஞ்சி, திருப்பிக் கொடுத்து, “நன்றி” என்றாள். அங்கே மாத்தே குடிக்கிறவர்கள், இனி எனக்கு வேண்டாம் என்றால்தான் அந்த வார்த்தையைச் சொல்வார்கள். அவன் வாங்கிக்கொண்டான்.

பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“ஃபெர்மின், கீழேருந்து மூணாவது படி உடைஞ்சிருக்கு. அதை யாராவது சரி பண்ணுங்கப்பா. பேர் எனக்கு வேணாம்.”